ஸ்டேட்டஸில் வைத்த வளையல் வாட்ச்

போன வருஷம் கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்னால் நடந்த கூத்து இது. திண்டுக்கல் நாகல் நகரில் எங்களுக்குச் சின்னதாக ஒரு வாட்ச் கடை உண்டு. கீழே கடை, மாடியில் வீடு. அடுப்பில் குக்கரை ஏற்றிவிட்டு இறங்கி வந்து, ஒருவருக்குப் பட்டை மாற்றிக் கொடுத்துவிட்டு, விசில் சத்தம் கேட்டதும் மேலே ஓடுகிற பிழைப்பு என்னுடையது.

கடை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். மணி பார்க்க இப்போது யார் வாட்ச் வாங்குகிறார்கள்? செல் மாற்ற வருவார்கள். பட்டை அறுந்துபோனால் வருவார்கள். புது வாட்ச் நாலு நகர்வதென்றால் கிறிஸ்துமஸ், பொங்கல் சமயத்தில்தான். அந்த வருஷம் மழை வேறு விடாமல் பிடித்துக்கொண்டது. பண்டிகை நெருங்கியும் கடைக்குள் ஈ காக்காய் இல்லை.

என் கணவரைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் நடந்தது முழுக்க அவருக்குத்தான். எப்போதும் வெள்ளை வேட்டி, வெள்ளை முழுக்கைச் சட்டை. கஞ்சி போட்டு இஸ்திரி போட்ட அந்த வேட்டி மடிப்பில் காய் நறுக்கலாம். வீட்டுக்குள்ளே கூட லுங்கி கட்ட மாட்டார். எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் பங்குப் பேரவைச் செயலாளர் வேறு. ஞாயிறு பூசைக்கு முக்கால் டிரவுசர் போட்டுக்கொண்டு வருகிற இளவட்டங்களை வாசலிலேயே மறித்துவிடுவார்.

"ஏலே, கோயிலுக்கு வர்றியா, கொளத்துக்குக் குளிக்கப் போறியா? போயி ஒழுங்கா உடுத்திக்கிட்டு வா."

இந்த வசனம் எங்கள் பங்கில் பிரசித்தம். அவர் தலையைக் கண்டாலே பையன்கள் தூணுக்குப் பின்னால் போய்விடுவார்கள்.

எங்களுக்கு ஒரே மகள். தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். அப்போது அவளுக்கு வடமதுரைப் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. பையன் நூற்பாலையில் சூப்பர்வைசர், குடும்பத்துக்குத் தென்னையும் முருங்கையும் போட்ட தோட்டம். பையனுக்கும் இவளுக்கும் போட்டோ பார்த்துப் பிடித்துப்போயிற்று. பையனின் அம்மா என்னிடம் போனில் நன்றாகத்தான் பேசினார். ஆனால் பையனின் அப்பா பிடி கொடுக்கவே இல்லை. பெண் பார்க்க வருகிறோம் என்று சொன்ன நாள் தள்ளித் தள்ளிப் போனது. மழை என்றார்கள், தோட்டத்தில் வேலை என்றார்கள். எங்களிடம் ஏதோ குறை கண்டுவிட்டார்களோ என்று எனக்கு உள்ளுக்குள் அடித்துக்கொண்டது. கடைசியில், வருகிற ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லியிருந்தார்கள். அதுவும் நிச்சயமில்லாத குரலில்தான்.

இந்தக் கவலைக்கு நடுவில்தான் மகள் ஒரு யோசனை சொன்னாள்.

"ஏம்மா, கடையில ஆள் வரலைன்னு ஒக்காந்திருக்கீங்களே. வாட்ச்ச போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்ல போடும்மா. உன்கிட்ட ஊர்ல உள்ள அம்புட்டுப் பேர் நம்பரும் இருக்குல்ல?"

இருந்தது. கோயில் மாதர் சங்கம், சீட்டு சேர்ந்தவர்கள், வாடிக்கையாளர்கள், பங்குச் சாமியார், இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்கள் என்று எல்லோரும் என் போனுக்குள் இருந்தார்கள். மகள் புது போன் வாங்கியதும் அவளுடைய பழைய போனை எனக்குத் தந்திருந்தாள். கேமரா ரொம்ப நன்றாக இருக்கும் என்று சொல்லித்தான் தந்தாள். அது எவ்வளவு நன்றாக இருக்கும் என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது.

ஒரு வாட்ச்சைப் படம் எடுப்பதில் என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். முதலில் கடை மேஜை மேல் ஒரு ஆண்கள் வாட்ச்சை வைத்து, குனிந்து ஒரு படம் எடுத்தேன். மேலே சுற்றிய ஃபேன் டயலுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. வாட்ச்சின் மூன்று முள்ளும் ஃபேனின் மூன்று இறக்கையும் சேர்ந்து, ஆறு முள் வைத்த வாட்ச்சாகத் தெரிந்தது. ஃபேனை நிறுத்திவிட்டு எடுத்தேன். இந்த முறை கண்ணாடிக்குள் என் முகம், அதிலும் மூக்குத் துவாரம் இரண்டும் பளிச்சென்று. மகளுக்கு அனுப்பினேன். பள்ளி இடைவேளையில் பதில் வந்தது.

"அம்மா, இது வாட்ச் போட்டோவா, உன் ஆதார் போட்டோவா?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அன்றிலிருந்து சமையல் ஒரு பக்கம், படம் எடுப்பது ஒரு பக்கம் என்று ஆனது. எடுக்கிற படமெல்லாம் ஏன் மஞ்சளாகப் புகை போட்ட மாதிரி இருக்கிறது என்று இரண்டு நாள் குழம்பினேன். கடைசியில் பார்த்தால், கேமரா கண்ணில் மஞ்சள்தூள் விரல் ரேகை. அதைத் துடைத்ததும் பாதி வியாதி போய்விட்டது. ஃப்ளாஷ் போட்டால் வெல்டிங் அடித்த மாதிரி ஒரு வெளிச்சம், வாட்ச்சையே காணோம். ரொம்பக் கிட்டே போய் எடுத்தால் வட்ட டயல் பூசணிக்காய் மாதிரி புடைத்துக்கொள்கிறது. ரெண்டடி தள்ளி நின்று, போனில் கொஞ்சம் பெரிதாக்கி எடுத்தால்தான் வாட்ச் வாட்ச்சாக இருக்கிறது. இப்படி ஒவ்வொன்றாக விழுந்து எழுந்து கற்றுக்கொண்டேன்.

என் கணவர் ஆரம்பத்தில் தலையில் அடித்துக்கொண்டார். "கண்ணுக்கு முன்னாடி இருக்குற வாட்ச்ச வாங்க ஆளக் காணோம். இதுல படத்தப் பாத்து வாங்கப் போறாகளாக்கும்" என்றார். ஆனால் தொழில்காரர் இல்லையா? நான் முள்ளை ஆறரை மணியில் வைத்துப் படம் எடுப்பதை அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. பக்கத்தில் வந்து வாட்ச்சை வாங்கி, பக்கவாட்டுச் சாவியைத் திருகி முள்ளைப் பத்து மணி பத்து நிமிஷத்துக்குக் கொண்டுவந்தார்.

"இப்ப பாரு, சிரிச்ச மொகமா இருக்கு. நீ வச்சது எழவு வீட்டு மொகம்."

நொடி முள் ஓடாமலிருக்கச் சாவியை வெளியே இழுத்தும் விட்டார். அதோடு அவரும் மாட்டிக்கொண்டார். அடுத்த நாளிலிருந்து, "அந்தத் தோல் பட்டைய எடு, அது படத்துக்கு எடுப்பா இருக்கும்" என்று அவரே சொல்ல ஆரம்பித்தார்.

மாடியில் தெருவைப் பார்த்த ஜன்னலோரம் வெளிச்சம் நன்றாக இருந்தது. ஆனால் அங்கே வைத்தால் ஜன்னல் கம்பி கண்ணாடியில் விழுந்து வாட்ச் ஜெயிலுக்குள் இருந்தது. மகள் வழி சொன்னாள். வாட்ச் கண்ணாடியில் எது தெரிகிறதோ அந்த இடத்தில் வெள்ளைத் துணியைப் பிடிக்க வேண்டுமாம், கண்ணாடி முழுக்க வெள்ளையாகி டயல் தெளிவாகத் தெரியுமாம். படம் எடுக்கிற ஆள் கருப்புத் துணியைப் போர்த்திக்கொண்டால் அந்த ஆளும் தெரியாதாம்.

அந்த வெள்ளிக்கிழமை எங்களிடம் புதிதாக ஒரு பெண்கள் வாட்ச் வந்திருந்தது. வளையல் மாடல், மொத்தமே இரண்டு. பட்டைக்குப் பதிலாக இரண்டு விரல் அகலத்துக்கு ஸ்டீல் வளையல், அதன் நடுவில் சின்ன டயல். முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம், அப்படி ஒரு பளபளப்பு. கிறிஸ்துமஸுக்கு இதுதான் ஓடும் என்று இருவரும் முடிவு செய்தோம். மகள் பள்ளிக்குப் போய்விட்டாள். நான் கடையைச் சாத்திவிட்டு மேலே வந்து, ஜன்னலோரம் ஒரு ஸ்டூல் போட்டு வாட்ச்சை நிற்க வைத்தேன். பழைய கருப்புக் கம்பளி ஒன்றைத் தலையோடு போர்த்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். எல்லாம் தயார், வெள்ளைத் துணியைத்தான் காணோம்.

துண்டெல்லாம் கலர் துண்டு. படுக்கை விரிப்பில் ரோஜாப் பூ. மழையில் துவைத்த வேட்டிகள் மாடிப்படிக் கொடியில் சொதசொதவென்று தொங்கின. காய்ந்ததெல்லாம் இஸ்திரிக் கடையில். வீட்டில் உலர்ந்த வெள்ளைத் துணி என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். அதை என் கணவர் கட்டியிருந்தார்.

வேட்டியைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

"ஏ, என்னா பாக்குற?" என்றார்.

"ஒரு நிமிசந்தாங்க. மழைக்கு வெளிச்சம் போயிரும். இங்க யாரு இருக்கா?"

"வயசான காலத்துல இதெல்லாம் தேவையா?" என்று முணுமுணுத்தபடி கதவைத் தாழ்ப்பாள் போட்டார். ஜன்னலுக்கு எதிர் வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார். பிறகு வேட்டியை அவிழ்த்து, நான் சொன்னபடி கெட்டியாக மடித்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எனக்குப் பின்னால் நின்றார். கீழே அவருடைய நீலக் கோடு போட்ட பட்டாப்பட்டி டிரவுசர்.

"கொஞ்சம் மேல தூக்குங்க."

தூக்கினார்.

"இன்னும். டயல்ல பாதிதான் வெள்ளையா இருக்கு. இன்னும் தூக்குங்க."

"தலைக்கு மேல போயிருச்சு, இதுக்கு மேல நான் என்ன ஏணியா?"

"அப்படியே நில்லுங்க. அசையாதீங்க."

எடுத்தேன். ஆகா! டயலில் ஒரு நிழல் இல்லை, ஒரு மினுக்கம் இல்லை. முள்ளும் எண்ணும் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல. கருப்புப் போர்வையோடு ஒருத்தி உட்கார்ந்திருக்க, பின்னால் ஒருவர் பட்டாப்பட்டியோடு வேட்டியைத் தலைக்கு மேல் விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அந்த நேரம் யாராவது கதவைத் தட்டியிருந்தால் பேயோட்டுகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். எங்களுக்கு அந்த நினைப்பெல்லாம் இல்லை. படத்தை அவரிடம் காட்டினேன். அவரும் டயலைத்தான் பார்த்தார். "வேட்டின்னா வேட்டிதான்" என்று சொல்லிவிட்டு அதைக் கட்டிக்கொண்டார். 'கிறிஸ்துமஸ் ஸ்பெஷல், புது வரவு' என்று எழுதி ஸ்டேட்டஸில் போட்டேன்.

அன்றைக்குத்தான் என் போன் உயிரோடு இருப்பதையே உணர்ந்தேன். டொய்ங், டொய்ங் என்று சத்தம். எல்லாம் மஞ்சள் மூஞ்சிப் பொம்மைகள், கண்ணில் தண்ணீர் கொட்டச் சிரித்தன. படம் அவ்வளவு நன்றாக இருந்ததில் ஆனந்தக் கண்ணீர் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். அகரத்தில் இருக்கிற என் தங்கை, "அத்தான் சூப்பர்!" என்று அனுப்பியிருந்தாள். வாட்ச் படத்துக்கு அத்தானை எதற்குப் பாராட்டுகிறாள் என்று ஒரு கணம் தோன்றியது. கடை அவருடையது, அதனால் சொல்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் கடை திறந்ததும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். நிஜமாகவே வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் வாட்ச்சைப் பார்ப்பதற்கு முன் என் கணவரை மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்தார்கள். எதிர்க் கடைக்காரர் செல் மாற்ற வந்தவர், வளையல் வாட்ச்சைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணே, படத்துல இருக்குற மாதிரியேதான் இருக்குமா?"

"அச்சு அசலா அப்படியேதான். நானே கூட நின்னு எடுத்த படமாக்கும்."

"அது தெரியுதுண்ணே" என்று சொல்லிவிட்டு அவர் அவசரமாக வெளியே போய்விட்டார். வெளியே போனதும் இருமல் மாதிரி ஒரு சத்தம் கேட்டது. மாதர் சங்கத்து அம்மா ஒருவர், "அண்ணே ரொம்பக் கஷ்டப்பட்டு நின்னிருக்காக போல" என்றார். இவரும், "கை வலிதான், என்ன செய்ய, தொழில்னு வந்தாச்சுல்ல?" என்று பெருமையாகத் தோளைத் தேய்த்துக்கொண்டார். அன்றைக்கு இரண்டு வளையல் வாட்ச்சும் விற்றது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மகள் பள்ளி முடிந்து வந்தாள். வந்தவள் வாசலிலேயே நின்றாள். அழுகையா சிரிப்பா என்று கண்டுபிடிக்க முடியாத ஒரு முகம். "அம்மா, அந்தப் போன குடு" என்றாள். வாங்கி, அந்தப் படத்தைத் திறந்து, இரண்டு விரலால் பெரிதாக்கினாள். டயலை அல்ல, அதன் பக்கத்தில் இருந்த ஸ்டீல் வளையலை.

அங்கே என் கணவர் நின்றுகொண்டிருந்தார். வளைந்த ஸ்டீலில் கொஞ்சம் குட்டையாக, கொஞ்சம் அகலமாக. ஊர்வலத்தில் பேனர் பிடிக்கிறவர் மாதிரி வேட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முகத்தில் அவ்வளவு கவனத்தோடு. மீசை தெரிந்தது. முழங்கால் தெரிந்தது. பட்டாப்பட்டியின் நீலக் கோடுகளை எண்ணலாம். அந்த போனின் கேமரா அப்படிப்பட்டது. கருப்புப் போர்வைக்குள் இருந்த நான் மட்டும் எங்கேயும் இல்லை.

"ஸ்டாஃப் ரூம்ல எனக்கே காட்டுறாங்கம்மா" என்றாள் மகள்.

என் கணவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். போனை என்னிடம் தந்தார். "கடையச் சாத்து" என்று ஒரு வார்த்தைதான் சொன்னார். மாடிப்படி ஏறிப் போய்விட்டார்.

நான் ஸ்டேட்டஸை அழித்தேன். அழித்து என்ன செய்ய? அதற்குள் படம் கோயில் இளைஞர் குழுவுக்குப் போயிருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் அவரைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, கீழே 'போயி ஒழுங்கா உடுத்திக்கிட்டு வா' என்று எழுதியிருந்தான்.

இதையெல்லாம் கூட ஒரு வழியாகத் தாங்கிக்கொண்டிருப்பேன். அப்போதுதான் ஸ்டேட்டஸைப் பார்த்தவர்களின் பெயர்களில், வடமதுரைப் பையனின் அம்மா பெயரும் இருந்தது நினைவுக்கு வந்தது. செத்த நேரத்தில் அவரிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. பின்னால் கோழி கத்துகிற சத்தம். குரல் விட்டு விட்டு, அடக்கிக்கொண்டு வந்தது.

"படம் பாத்தோம்மா. வீட்ல எல்லாருமே பாத்தோம். ஞாயித்துக்கெழம வாரோம். மத்ததெல்லாம் நேர்ல பேசிக்கிருவோம்."

'மத்ததெல்லாம்' என்றால் என்ன? நானும் மகளும் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டோம். கோபத்தை அடக்குகிறார் என்று எனக்குத் தோன்றியது. சம்பந்தம் வேண்டாம் என்பதைப் போனில் சொல்லக்கூடாது என்கிற மரியாதைக்காக வருகிறார்கள் என்று நினைத்தேன். மகள் பரீட்சைப் பேப்பர் திருத்த உட்கார்ந்தாள். ஒரே பேப்பரை அவள் ரொம்ப நேரம் கையில் வைத்திருந்ததைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. ஒரு வாட்ச் விற்க ஆசைப்பட்டு என் பிள்ளையின் வாழ்க்கையில் மண்ணைப் போட்டுவிட்டேனே!

சனிக்கிழமை முழுக்க என் கணவர் கட்டிலை விட்டு இறங்கவில்லை. கேட்டால் காய்ச்சல் என்றார். நெற்றியைத் தொட்டால் ஜில்லென்று இருந்தது. ஞாயிறு பூசைக்கு எங்கள் கோயிலுக்கு வர மாட்டேன் என்று, விடிந்தும் விடியாமலும் வேறொரு கோயிலுக்குப் போய்விட்டு வந்தார். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் வந்து உட்காரவே மாட்டேன் என்றார். நான் கெஞ்சினேன், மகள் கெஞ்சினாள். கடைசியில் வருவதாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தியவர், வெளியே வந்தபோது பேன்ட் போட்டிருந்தார்.

எங்கள் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டு சூட்டின் பேன்ட் அது. இத்தனை வருஷம் பாச்சா உருண்டையோடு பெட்டிக்குள் கிடந்தது. இடுப்புப் பட்டன் சேரவில்லை. மேலே பெல்ட்டை இறுக்கி, சட்டையை வெளியே விட்டு மறைத்திருந்தார்.

"என்னங்க இது கோலம்?" என்றேன்.

"வேட்டியப் பாத்தாலே அவுகளுக்கு அந்தப் படந்தான ஞாபகம் வரும்?" என்றார் பரிதாபமாக. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. உட்கார்ந்தால் தையல் விட்டுவிடும் என்று பயம். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவர்கள் வந்தார்கள். பையன், பையனின் அம்மா, அப்பா. கூடவே ஒரு சாக்கில் தேங்காயும் முருங்கைக்காயும். பையனின் அப்பா நல்ல உயரம், வெயிலில் உழைத்த கருப்பு. புது வேட்டியின் கடை மடிப்பு கூடக் கலையவில்லை. அதைக் கட்டிக்கொண்டு நடக்கவே சங்கடப்பட்டார். வாசலில் செருப்பைக் கழற்றியவர், நிமிர்ந்து என் கணவரைப் பார்த்தார். கண்ணை இறக்கிப் பேன்ட்டைப் பார்த்தார். அவர் முகம் சப்பென்று ஆகிவிட்டது.

"என்னங்க இது, பேன்ட்டு போட்டுட்டீங்க?" என்றார், ஏதோ நம்பி வந்து ஏமாந்த மாதிரி.

பையன் தரையைப் பார்த்தான். அப்போது பையனின் அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்தினார். அழுத்தியும் நிற்கவில்லை. பொத்துக்கொண்டு வந்த சிரிப்பில் அப்படியே சோபாவில் சாய்ந்துவிட்டார்.

"மன்னிச்சுக்கங்க மதினி. வெள்ளிக்கெழமையில இருந்து இப்படித்தான். உங்களுக்குப் பேசி அனுப்பும்போதும் சிரிப்ப அடக்க முடியாமத்தான் பாதியில நிப்பாட்டுனேன்."

பையனின் அப்பா மெதுவாகப் பேச ஆரம்பித்தார். அதிகம் பேசிப் பழக்கமில்லாதவர் என்பது தெரிந்தது.

"எனக்கு டவுன்ல உள்ளவங்கன்னாலே செத்த கூச்சந்தாங்க. நீங்க வெள்ளையும் சொள்ளையுமா இருப்பீங்க, கோயில்ல பெரிய ஆளு, கசங்குன சட்டையோட யாரையும் கிட்டச் சேக்க மாட்டீங்கன்னு சொன்னாங்க. நான் பொழுதன்னைக்கும் சேத்துல கெடக்குறவன். உங்க முன்னாடி கால நீட்டி ஒக்கார முடியுமா, வாயத் தொறந்து நாலு வார்த்தை பேச முடியுமான்னு மலைப்பா இருந்துச்சு. அதான் மழை, தோட்டம்னு சாக்குச் சொல்லிக்கிட்டே இருந்தேன். இந்தச் சம்பந்தமே வேணாம்னு இவகிட்டச் சொல்லியும்புட்டேன்."

கொஞ்சம் நிறுத்தி, மூச்சு விட்டுக்கொண்டு தொடர்ந்தார்.

"அன்னைக்கு இவ அந்தப் படத்தக் காட்டுனா பாருங்க. பொண்டாட்டி சொன்னான்னு வேட்டிய அவுத்துத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க. எனக்கு அம்புட்டு பயமும் போயிருச்சு. அட, நம்ம ஆளுடான்னு தோணிருச்சு. அப்பவே சொல்லிட்டேன், எடுத்தா அந்த வீட்டுப் பொண்ணத்தான் எடுக்கணும்னு."

சொல்லிவிட்டு, எங்கள் எல்லோர் முன்னாலும் வேட்டியின் ஒரு ஓரத்தை முழங்காலுக்கு மேல் கொஞ்சமாகத் தூக்கிக் காட்டினார். நீலக் கோடு.

என் கணவர் அந்தக் கோட்டைப் பார்த்தார். என்ன சொல்லப் போகிறாரோ என்று நான் சாமியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"இந்தத் துணி இப்பல்லாம் எங்கேயும் கெடைக்க மாட்டேங்குதே, எந்தக் கடையில எடுத்தீங்க?" என்றார்.

"துணியா எடுத்துத் தைக்கக் குடுக்குறதுங்க. எங்க ஊர்ல ஒரு டெய்லர் இருக்காரு. உங்களுக்கும் ரெண்டு சொல்லிருவோம்."

"சொல்லுங்க. கடையில விக்கிறது இடுப்புல நிக்க மாட்டேங்குது."

அவ்வளவுதான். இரண்டு பேரும் பட்டாப்பட்டித் துணி, நாடா வைத்துத் தைப்பது நல்லதா, எலாஸ்டிக் நல்லதா என்று இறங்கிவிட்டார்கள். பெண் பார்க்க வந்ததே மறந்துபோயிற்று. நடுவில் என் கணவர், "ஒரு நிமிசம், இதோ வாரேன்" என்று உள்ளே ஓடி, பேன்ட்டைக் கழற்றி எறிந்துவிட்டு வேட்டியோடு வந்து, அப்பாடா என்று நாற்காலியில் உட்கார்ந்தார். பையனின் அப்பாவும் கால்களை நீட்டிக்கொண்டார். என் மகள் காபித் தட்டோடு வந்து நின்றாள். பையன் அவளைப் பார்த்தான், அவள் பையனைப் பார்த்தாள், இருவரும் அப்பாக்களைப் பார்த்தார்கள். அவர்களுக்கும் அடக்க முடியவில்லை.

பையனின் அம்மா என் கையைப் பிடித்து, "அந்த வளையல் வாட்ச் ஒண்ணு எனக்கு எடுத்து வைங்க மதினி" என்றார். விற்றுத் தீர்ந்துவிட்டது, வரவழைத்துத் தருகிறேன் என்றேன். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. அதில் பாதி, இரண்டு நாளாக நெஞ்சில் கிடந்த பயம் இறங்கிய தண்ணீர்.

வைகாசியில் கல்யாணம் நன்றாக நடந்தது. அதற்கு நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் வாசலில் முக்கால் டிரவுசரோடு வந்த பையன் ஒருவன் என் கணவரைப் பார்த்ததும் பயந்து நின்றான். இவர் வழக்கம்போல் வாயைத் திறந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, அவன் தோளில் கை வைத்து, "உள்ள போப்பா, பூசை ஆரம்பிச்சிருச்சு" என்றார். அவன் நம்பாமல் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

இப்போதும் கடைக்கு நான்தான் படம் எடுக்கிறேன். டயலைப் பார்த்த பிறகு ஸ்டீல், பக்கிள், ஓரம் என்று ஒரு இடம் விடாமல் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஸ்டேட்டஸில் போடுவேன். அந்த விஷயத்தில் எனக்குப் புத்தி வந்துவிட்டது. ஆனால் வீட்டுக்கு யாராவது முதல் முறையாக வருகிறார்கள் என்றால், முன்பு போல் சோபா உறையை மாற்றி, துணிக்கொடியை மறைத்து, எல்லாவற்றையும் பளபளவென்று வைக்க நான் பறப்பதில்லை. நாங்கள் வெளியில் தெரிந்துவிடக்கூடாது என்று தவித்த ஒன்றுதான் ஒரு நல்ல மனிதருக்கு எங்கள் வாசல்படி ஏறும் தைரியத்தைத் தந்தது என்பது மனதில் அப்படியே இருப்பதால், வந்தவர் கூச்சமில்லாமல் காலை நீட்டி உட்கார்ந்தாரா என்பதை மட்டும்தான் இப்போதெல்லாம் பார்க்கிறேன்.